டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டா, ஸ்கோடா சூப்பர்பா: பழைய பெரிய செடான் தினசரி ஓட்டத்துக்குத் தகுமா?

கேள்வி – தாம்பரம் கிழக்கு

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஓட்டிவரும் சிறிய ஹேட்ச்பேக்கை மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பதாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள், 71 வயதான அம்மா. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை அலுவலகம் போய்வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஆகிறது. ஆண்டுக்கு ஐந்து முறையாவது குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போய்வருகிறோம். எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓடும்.

இப்போது எல்லோரும் எஸ்யூவிதானே வாங்குகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். என் மைத்துனரும் அப்படித்தான் உயரமான வண்டி ஒன்று வைத்திருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால், அவர் அந்த வண்டியில் ஏற வேண்டுமென்றால் டிக்கியிலிருந்து ஒரு மரமுக்காலியை எடுத்துக் கீழே போட வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் பழைய கார்கள் விற்கும் இடம் ஒன்றில் நின்றிருந்த கேம்ரியின் பின்கதவைத் திறந்து அம்மாவை உட்காரச் சொன்னேன். முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். யார் கையையும் பிடிக்கவில்லை. என் தேடல் உயரம் குறைந்த செடான் கார்கள் பக்கம் திரும்பியதற்கு அதுதான் காரணம்.

புதிய கேம்ரியை நினைத்துப் பார்க்கவும் வழியில்லை. 2024 டிசம்பரில் அறிமுகமானபோது அதன் ஷோரூம் விலை 48 லட்சம். நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு என்பதால் வரி மட்டுமே ஒன்பதரை லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள 2019ஆம் ஆண்டின் கேம்ரி ஹைப்ரிட் ஒன்றையும், 2020ஆம் ஆண்டின் ஸ்கோடா சூப்பர்ப் 2.0 பெட்ரோல் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவதற்கு 25 லட்சமும் இரண்டாவதற்கு 24 லட்சமும் கேட்கிறார்கள். நெருக்கடியான சாலையில் தினமும் ஓட்டுவதற்கும், போடும் பணத்துக்கும் எது பொருந்தும் என்பதை, இவற்றை உண்மையில் வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – ஓஎம்ஆர் பயணி

வணக்கம் ஐயா. 2019இல் புதிதாக எடுத்த கேம்ரியை இன்றுவரை நானே ஓட்டி வருகிறேன். ஓடோமீட்டர் 84,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. அன்று ஷோரூம் விலை 36.95 லட்சம், அப்போது நடைமுறையில் இருந்த 15 விழுக்காடு வாழ்நாள் வரியும் இன்ஷூரன்ஸும் சேர்த்துக் கட்டியவன் நான். என்னைப் போன்ற முதல் ஓனர்கள் கரைத்த பணத்தின் மேல்தான் நீங்கள் இன்று 25 லட்சத்துக்கு உட்காரப் போகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வழித்தடம் எனக்கு நன்றாகத் தெரியும். காலை எட்டரை மணிக்கு மேடவாக்கம் சந்திப்பில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் பெரும்பாலான நேரம் அணைந்தே இருக்கும். வண்டி மோட்டாரில் சத்தமின்றி நகரும். ஏ.சி. கம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுவதால், மே மாத வெயிலில் சிக்னலில் எஞ்சின் நின்றிருந்தாலும் குளிர் குறைவதில்லை. இந்த வண்டியின் கியர் அமைப்பில் கிளட்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இரண்டு மோட்டார்களையும் 2.5 லிட்டர் எஞ்சினையும் ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதி (நடுச்சக்கரத்தைச் சுற்றி மற்றவை சுழலும் அமைப்பு) இணைக்கிறது. நகர நெரிசலில் தேய்ந்துபோக அதிகம் ஒன்றுமில்லை. தனியாக ஆல்டர்னேட்டரோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ கிடையாது என்பதைச் சர்வீஸில் சொன்னபோது நானே நம்பவில்லை.

மைலேஜைப் பொறுத்தவரை, சான்றிதழில் உள்ள, லிட்டருக்கு 23.27 கிலோமீட்டர் என்பதை மறந்துவிடுங்கள். நகரத்துக்குள் எனக்கு 16 முதல் 17 வரை கிடைக்கிறது. திருச்சி நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்தில் சீராகப் போனால் 17, 18. சாதாரணக் கார்களைப் போல நெடுஞ்சாலையில் மைலேஜ் எகிறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் ஹைப்ரிட்டின் சாமர்த்தியமெல்லாம் பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மோட்டார் திரும்பப் பிடித்துக்கொள்வதால் என் வண்டியில் பிரேக் பேடுகளை இன்னும் மாற்றவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் நீளமாக உறுமும். வேகம் வந்துவிடும், ஆனால் காதுக்கு இனிமையாக இராது. வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2,825 மில்லிமீட்டர் என்பதால், ஐந்து பேரும் ஊருக்கான மூட்டையும் ஏறியிருக்கும்போது, கூம்பாகப் போட்ட வேகத்தடைகளில் வண்டியின் அடிவயிறு உரசும். நான் அவற்றைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கப் பழகிக்கொண்டேன். பின்னிருக்கையின் நடுக் கைப்பிடியை இறக்கினால் ஏ.சி., திரைச்சீலை, இருக்கைச் சாய்மானம் எல்லாவற்றுக்கும் அதிலேயே பொத்தான்கள் உண்டு, அம்மாவுக்கு அரியணைதான். ஆனால் அதை இறக்கிவிட்டால் நடுவில் யாரும் உட்கார முடியாது. பிள்ளைகள் இருவரில் யார் நடுவில் உட்காருவது என்ற சண்டையை எந்தக் காரும் தீர்க்காது.

பதில் 2 – பீளமேடு

ஐயா, எதிர்க்கட்சித் தரப்பிலிருந்து எழுதுகிறேன். 2020 சூப்பர்ப் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இருமுறை கோவையிலிருந்து சென்னைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. 2016இல் வந்த 1.8 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கும், 2020இல் வந்த 2.0 பெட்ரோலும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் கியர்பாக்ஸ் வேறு. பழையதில் உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). அது தாங்க வேண்டும் என்பதற்காகவே மேனுவலில் 320 என்எம் தந்த அதே எஞ்சினின் இழுவிசையை ஆட்டோமேட்டிக்கில் 250ஆகக் குறைத்திருந்தார்கள். புதியதில் எண்ணெயில் மூழ்கிய ஈர கிளட்ச். 190 குதிரைத்திறன், 320 என்எம், எந்தக் குறைப்பும் இல்லை. நீங்கள் பார்த்திருப்பது இரண்டாவது வகை என்பதால், இணையத்தில் டிஎஸ்ஜி பற்றி வரும் பழைய புலம்பல்களை அப்படியே இதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் இந்தக் கியர்பாக்ஸுக்கு அதன் எண்ணெயைக் காலத்தில் மாற்றியாக வேண்டும். அதற்கான பில் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்.

ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நூற்றிருபதில் சூப்பர்ப் சாலையோடு ஒட்டிக்கொண்டு போகிற உறுதியும், முந்த நினைத்த நொடியில் கிடைக்கும் இழுவையும் கேம்ரியில் இல்லை. டிக்கி 625 லிட்டர். அதுவும் பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறப்பதால் அகலமான வாய். பொங்கலுக்கு ஊரிலிருந்து திரும்பும்போது இரண்டு கரும்புக்கட்டுகளைப் பின்னிருக்கையின் ஒரு பக்கத்தை மடக்கி உள்ளே வைத்துக் கதவை மூடினேன். கேம்ரியின் 524 லிட்டர் டிக்கியில் அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். டாங்க் 66 லிட்டர் என்பதால் கோவையிலிருந்து கிளம்பினால் சென்னை வரை பங்க் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. முன்கதவின் இடுக்கில் குடை வைக்கத் தனிக்குழாய் உண்டு. இது வாங்குவதற்கான காரணம் அல்ல, ஆனால் மழைநாளில் அண்டைவீட்டார் முன்னால் எடுத்து விரிக்கும்போது ஓர் அற்பப் பெருமை வரத்தான் செய்கிறது.

நேர்மையாகச் சொன்னால், நெரிசலில் இதன் மைலேஜ் 9 அல்லது 10தான். நெடுஞ்சாலையில் 15 வரும். உங்கள் ஓட்டத்துக்குச் சராசரி 11 என்று வைத்துக்கொள்ளலாம். கேம்ரிக்குச் சராசரி 16 என்றால், 18,000 கிலோமீட்டருக்கு ஒன்றில் 1,125 லிட்டர், மற்றதில் 1,636 லிட்டர். சென்னையில் லிட்டர் 101 ரூபாய் என்று கொண்டால் வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 52,000 ரூபாய். ஐந்தாண்டில் இரண்டரை லட்சம். பெருந்தொகைதான். ஆனால் 24 லட்சம் போட்டு ஸ்டீயரிங் பிடிக்கப் போகிறவர் நீங்கள். பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்காக மட்டுமே வாங்குவதா என்று யோசியுங்கள். சூப்பர்பின் விற்பனை இங்கே 2023இல் நின்று, மறு ஆண்டு நூறு வண்டிகள் மட்டும் முழு இறக்குமதியாக வந்துபோயின. அதனால் கண்ணாடி, பம்பர் போன்றவை எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை உங்களுக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பின்னிருக்கையில் கால் வைக்க இடம் தாராளம் என்றாலும் நடுத்தளம் மேடாக இருக்கும். நடுவில் உட்காரும் பிள்ளை காலை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

பதில் 3 – பட்டறை

நண்பரே, எந்த மாடல் என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் வாங்கப் போவது ஒரு மாடலை அல்ல, ஒரு குறிப்பிட்ட வண்டியை. முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சென்னையில் பழைய கார் பார்க்கிறவர்கள் 2023 டிசம்பரை மறக்கக் கூடாது. மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல நன்றாகத் துடைத்து, மெருகேற்றி மீண்டும் சந்தைக்கு வந்தன. சாதாரணக் காரிலேயே இது தலைவலி; கேம்ரியில் இன்னும் பெரிய விவகாரம், ஏனெனில் 245 வோல்ட் பேட்டரி பின்னிருக்கையின் அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் இருக்கை உயரத்துக்கு வந்திருந்தால் அந்தப் பேட்டரியும் குளித்திருக்கும். ஆகவே சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும், இனி வராது என்கிற வரை இழுத்துப் பாருங்கள். மேலே தெரியும் பகுதியைக் கழுவுகிறவர்கள் சுருளுக்குள் இருக்கும் கடைசி இரண்டடியைப் பெரும்பாலும் கழுவுவதில்லை. அங்கே மண்நிறக் கோடு ஒன்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பள்ளத்தின் மூலைகளைத் தடவுங்கள். முன்னிருக்கையின் தண்டவாளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அடுத்து, பேட்டரியைக் குளிர்விக்கும் மின்விசிறிக்கான காற்றுத்துளை பின்னிருக்கைப் பகுதியில் இருக்கிறது. அதில் ஒரு வடிகட்டி உண்டு; நாய் வளர்க்கிற வீட்டு வண்டிகளில் அது கம்பளி போல அடைத்துக் கிடக்கும். காற்று போகாத பேட்டரி வெயில் காலத்தில் சூடேறிச் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முந்தைய ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதை அந்த ஒரு வடிகட்டியே சொல்லிவிடும். பிறகு ஸ்கேனர் (காரின் கணினியைப் படிக்கும் கருவி) போட்டுப் பேட்டரித் தொகுதிகளின் வோல்டேஜைப் பாருங்கள். அதில் மொத்தம் 34 மாட்யூல்கள். ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் பேட்டரி தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதைச் சும்மா நிற்கிற வண்டியில் பார்த்துப் பயனில்லை. அரை மணி நேரம் ஓட்டியபின், ஏ.சி. போட்டபடி பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து விற்ற ஹைப்ரிட்களுக்குத்தான் பேட்டரி உத்தரவாதத்தை எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டராக உயர்த்தினார்கள்; நீங்கள் பார்ப்பது 2019 வண்டி என்பதால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து என்ன மிச்சமிருக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் பதிலில் பிரேக் பேடு மாற்றவே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறார். பேடு தேயாது என்பது சரி. ஆனால் பிரேக் அதிகம் வேலை செய்யாததாலேயே, கடற்கரைக் காற்றில் நிற்கும் வண்டிகளில் டிஸ்க் துருவேறும், காலிப்பர் பின்கள் இறுகும். ஆண்டுக்கொரு முறை கழற்றிச் சுத்தம் செய்து மசகிட்டே ஆக வேண்டும். ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

பெட்ரோல் பற்றியும் ஒரு சொல். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் எந்தக் காரானாலும் மைலேஜ் சற்று இறங்கும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்தவை. பெட்ரோல் குழாய்களின் ரப்பர் இணைப்புகளைச் சர்வீஸின்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது நீங்கள் பார்த்திருக்கும் இரண்டுக்குமே பொருந்தும்.

கர்நாடகப் பதிவெண் உள்ள வண்டியை விலை மலிவு என்று காட்டினால், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குவது, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப வரி கட்டுவது, அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெற முதல் ஓனர் பின்னால் அலைவது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் மலிவு காணாமல் போயிருக்கும்.

பதில் 4 – விற்றுவிட்டவன்

ஐயா, மூன்றாண்டு பெரிய செடான் ஓட்டி விற்றவன் என்பதால் மாற்றுக்கருத்து ஒன்று. காரை அளப்பதற்கு முன் உங்கள் கார் நிறுத்தும் இடத்தை அளந்து பாருங்கள். கேம்ரியின் நீளம் 4,885 மில்லிமீட்டர். குடும்பமே ஏறும் இன்னோவா ஹைகிராஸ்கூட 4,755தான். என் அடுக்ககத்தில் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைத்து நிறுத்திவிட்டு ஓட்டுநர் கதவை முழுதாகத் திறக்க முடியாமல், தினமும் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. காய்கறி வாங்கப் போகும் தெருவில் எதிரே தண்ணீர் லாரி வந்தால் நாம்தான் பின்னால் போக வேண்டும்.

மைலேஜ்தான் முக்கியம் என்றால் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டையும் ஒருமுறை பாருங்கள். அதில் பேட்டரிக்கு இடம் கொடுத்ததில் டிக்கி 306 லிட்டராகச் சுருங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து பேர் திருநெல்வேலிப் பயணத்துக்கு அது போதாது. ஆனால் ஆண்டில் ஐந்து பயணத்துக்காக மீதி முந்நூறு நாளும் பெரிய வண்டியைத் தூக்கிச் சுமப்பதா என்பதுதான் என் கேள்வி.

கேட்டவரின் மறுமொழி – தாம்பரம் கிழக்கு

பொறுமையாக எழுதிய நால்வருக்கும் நன்றி. நேற்று டேப் எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தை அளந்தேன். நீளம் 5.2 மீட்டர், தூண்களுக்கு நடுவே அகலம் 2.6 மீட்டர். கேம்ரியின் அகலம் 1.84 போக, ஓட்டுநர் பக்கம் ஓரளவு திறக்கலாம். அம்மாவை வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இப்போதும் அப்படித்தான் செய்கிறோம் என்பதால் எனக்கு இது தடையாகத் தெரியவில்லை.

பிறகு அந்த 25 லட்சம் கேம்ரியை மறுபடி பார்க்கப் போனேன். பட்டறைக்கார ஐயா சொன்னதுபோலப் பின்னிருக்கை சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். முக்கால் பங்கு பளிச்சென்று கறுப்பாக வந்தது. அதன்பின் சாயம் மங்கி, தேநீர்க்கறை போல ஒரு விளிம்புக்கோடு, அதற்கு அப்பால் விரலில் ஒட்டும் நுண்மண். விற்பனையாளர் அது கார் கழுவும்போது பட்ட தண்ணீர் என்றார். நான் எதுவும் பேசாமல் பெல்ட்டை மெல்ல விட்டேன். அது சுருளுக்குள் போகும்போது அரைவழியில் சிக்கி நின்றது. அட்வான்ஸ் கொடுக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

சூப்பர்பையும் ஓட்டிப் பார்த்தேன். பீளமேட்டுக்காரர் எழுதியதில் ஒரு சொல்கூட மிகையில்லை. வண்டலூர் தாண்டியதும் திரும்பி வரவே மனமில்லை. ஆனால் தாம்பரம் வந்து சேர்வதற்குள், பெருங்களத்தூர் நெரிசலில் மைலேஜ் 8.4 என்று மீட்டர் காட்டியது. வாரத்தில் ஐந்து நாள் நான் இருக்கப் போவது இந்த நெரிசலில்தான், வண்டலூருக்கு அப்பால் அல்ல. எனவே கேம்ரியிலேயே வேறொன்றைத் தேடுவதென்று முடிவு செய்து, திருநெல்வேலியில் ஒரே ஓனரிடம் இருக்கும் டி.என். 72 பதிவெண் வண்டி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். 61,000 கிலோமீட்டர், எல்லா சர்வீஸ் பில்லும் உண்டு, விலை ஒன்றரை லட்சம் கூடுதல். வரும் சனிக்கிழமை இரவு ரயிலில் போய்ப் பார்க்கிறேன்.

பதில் 5 – பட்டறை

ஒன்றரை லட்சம் கூடுதல் என்று தயங்க வேண்டாம். அந்தப் பெல்ட் வண்டியை வாங்கியிருந்தால் அதைப்போல இருமடங்கு என்னைப் போன்றவர்களிடம் கொடுத்திருப்பீர்கள். வண்டி நெடுநாள் நின்றிருந்தால் டிக்கியில் இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். அப்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் டாஷ்போர்டில் விளக்கு எரியாது. பெரிய பேட்டரி போய்விட்டது என்று பயந்தும் விடாதீர்கள், அதையே காரணமாக்கி விலையைக் குறைக்கவும் மறந்துவிடாதீர்கள். கோவில்பட்டி வரை ஒருமுறை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தபின் ஸ்கேனர் போடுங்கள். வோல்டேஜ் எண்களைப் படமெடுத்து இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.